கலியாணப் படம் இன்னும் வரேல்லை

1996 மார்ச் 9, சனி

பனி உருகுது. றோட்டெல்லாம் கறுத்தச் சேறு. லோண்டறி ரெண்டு மெசின். ரவிக்கு வேலை, பின்னேரம்தான் வருவார்.

லோயர் ஒஃபிசில இருந்து கடிதம். இன்ரவியூ மே மாதம். ரவியின்ர அகதி வழக்கை மறுத்த பிறகு எங்களுக்கு இருக்கிற வழி இது ஒண்டுதான், நான் பெண்சாதியா நிண்டு ஸ்பொன்சர் பண்ணுறது. கொண்டு போக வேண்டிய சாமான்: கலியாணப் பதிவு, ரெண்டு பேரின்ர பேரிலயும் வீட்டு லீஸ், பாங்க் புத்தகம், கலியாணப் படங்கள். படங்கள் எண்டதுக்குக் கீழ லோயர் பேனையால கோடு இழுத்திருக்கிறார்.

எங்க படம்.

போன செப்ரெம்பரில கலியாணம். வீடியோ வேண்டாம் எண்டு அப்பவே விட்டிட்டம். படம் மட்டும். இண்டு வரைக்கும் ஒரு படம் கையில இல்லை. படக்காரர் குலம் அண்ணைக்கு போன் எடுத்தன்.

"படம் கழுவுற லாப்பில இருக்குது, தங்கச்சி."

போன மாதமும் லாப்பில. நத்தாருக்கும் லாப்பில.

"எந்த லாப், அண்ணை? நான் போய் எடுக்கிறன்."

"அப்பிடி ஆக்களிட்டக் குடுக்கமாட்டினம்." வைச்சிட்டார்.

வாங்க: பால், வெங்காயம், சோப், தபால் முத்திரை.

மார்ச் 10, ஞாயிறு

தூறல். பிக்கரிங், அக்கா வீடு. அத்தான் வந்து ஏத்திக்கொண்டு போனவர். அக்காவின்ர சின்னவளுக்குப் பிறந்தநாள்.

குசினியில படக் கதை. அக்கா சொன்னா, "எங்கட அல்பம் வரேக்க பெரியவள் வயித்தில. எல்லாருக்கும் அப்பிடித்தான். பொறு." ஒரு அன்ரிக்கு அல்பம் வந்ததாம், நடுவில ரெண்டு பக்கம் வேற ஆற்றையோ மாப்பிள்ளையாம். எல்லாரும் சிரிச்சினம். நானும்தான்.

பிறகு கை கழுவப் போன இடத்தில வாசலடியில கதை கேட்டது.

"படம் வராட்டி என்ன. அது விசாக் கலியாணம்தானே."

"பெடியனுக்கு அவளை விட நாலு வயசு குறைய எண்டெல்லோ கேள்விப்பட்டன்."

"பேப்பர் கைக்கு வரட்டும். பிறகு பாருங்கோவன், நிக்கிறானோ எண்டு."

கடைசியாச் சொன்ன குரல் அண்ணையின்ர. என்ர சொந்த அண்ணை.

நான் திரும்பி வந்து கேக்கில இன்னொரு துண்டு கேட்டு வாங்கி, அவைக்கு முன்னால நிண்டு ஆறுதலாச் சாப்பிட்டன். இனிப்புக் கூடிப்போன கேக்.

ரவியை நீர் எண்டு கூப்பிடுறதுக்கு அக்கா திரும்பவும் ஏச்சு. "புருசனை நீங்கள் எண்டு சொல்லிப் பழகு." அவர் என்னை நீர் எண்டுறார், நானும் அவரை நீர் எண்டுறன். சரிக்குச் சரி. அது மாறாது.

மார்ச் 14, வியாழன்

வேலையில, பேக்கரியில, பாண் ஓடுற பெல்ற் பழுது. பாண் எல்லாம் கையால பெட்டிக்குள்ள. தோள் நோகுது.

ரெஸி (எனக்குப் பக்கத்தில நிண்டு பாண் அடுக்கிற பிலிப்பீன்ஸ்காரி, கலியாணத்துக்கு என்ர சாறி கட்டிக்கொண்டு வந்தவ) கேட்டா, படம் வந்திட்டுதோ எண்டு. இல்லை எண்டன். தங்கட ஆக்களுக்கு ஒரு மாதத்தில வந்திடுமாம்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கிறேல்லையோ?"

"கேக்கிறம். சிரிச்சுச் சிரிச்சுக் கேக்கிறம்."

"அப்ப சிரிக்காமல் கேள்."

அதை பஸ் முழுக்க யோசிச்சன்.

மார்ச் 16, சனி

குலம் அண்ணை வீட்டுக்குப் போனன். சொல்லாமல். ரெண்டு பஸ் மாறி. வெயில், ஆனா காத்து ஊசி மாதிரி.

வாசலில எனக்கு முந்தி ஒரு சோடி நிக்குது. மாலினி, அவவின்ர புருசன் சிறி. பிறம்ரனில இருந்து கார் ஓடி வந்திருக்கினம். அவையின்ர கலியாணம் எங்களுக்கும் முந்தி, போன வைகாசி. மாலினிக்கு வயிறு நல்லாத் தெரியுது.

பெல் அடிக்க அவரின்ர மனுசி கதவு திறந்தா. "அவர் வெளிய போயிட்டார்."

கீழ பேஸ்மென்ற்றில ஆரோ இருமினது எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, அது ஆர் இருமுறது?"

மனுசி என்னைப் பாத்தா. பிறகு கதவை அகலத் திறந்து விட்டா. "இறங்கிப் பாருங்கோ. எனக்கும் பொய் சொல்லிக் களைச்சுப் போச்சு."

படியிலயே மணம். ஈரம், பழுதான முட்டை மாதிரி ஒண்டு. கார்ப்பெற் எல்லாம் கிழிச்சு எடுத்திருக்கு. ரெண்டு ஃபான் சுத்துது. சுவருக்குச் சுவர் உடுப்புக் கொடி கட்டி, கிளிப் போட்டு, பிலிம் பிலிமாத் தொங்குது. மேல அரைவாசி ஊதாவாப் போச்சு, மிச்சம் பால் மாதிரி வெள்ளை. நிலத்தில பிறிண்ட் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிச் செங்கல் மாதிரிக் குவியல். குலம் அண்ணை சாரமும் சுவெற்றருமா ஒரு பேசின் தண்ணிக்கு முன்னால குந்தியிருந்து பிலிம் பிரிச்சுக்கொண்டிருந்தவர். எங்களைக் கண்டு எழும்பி நிண்டிட்டார்.

தை மாதம் திடீரெண்டு பனி உருகினதாம். சுவர் வெடிப்பால தண்ணி வந்ததாம். அவர் வேற ஒரு கலியாண வீட்டில. வந்து பாக்கேக்க பெட்டி எல்லாம் தண்ணிக்குள்ள. கழுவின பிலிமும் பிறிண்டும் ஒரே இடத்தில, நிலத்தில வைச்சிருக்கிறார்.

"ஆற்றை ஆற்றை அண்ணை?"

"போன வைகாசியில இருந்து எடுத்தது எல்லாம், தங்கச்சி."

மாலினி அழேல்லை. படியில இருந்திட்டா. சிறி ஒவ்வொரு பிலிமா லைற்றுக்குப் பிடிச்சுப் பாத்தார். "இது எங்கட ஹோலோ?" "தெரியேல்லைத் தம்பி." "இது?" "தெரியேல்லை."

நான் கேட்டன், பிறகேன் லாப்பில எண்டு சொன்னனீங்கள்.

"உண்மையைச் சொன்னா இனி ஆர் என்னைக் கூப்பிடுவினம்? சீசன் தொடங்கப் போகுது."

பிறகு அவர் ஒரு வழி சொன்னார். மணவறை கராஜ்ஜில இருக்காம். மாலை தான் எடுத்து வைப்பாராம். ஐயரும் தெரிஞ்சவராம். கூறைச் சாறியைக் கட்டிக்கொண்டு வந்தா ஒரு நாளில முழு அல்பம். தாலி கட்டுறது, அம்மி மிதிக்கிறது எல்லாம். "ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கட இமிக்ரேசன்காரருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" எண்டன்.

அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார்.

"எத்தினை பேர் உங்கட போனுக்குக் காத்துக்கொண்டிருக்கினம். அவைக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ, வாற ஞாயிறுக்குள்ள. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

சிரிக்காமல்தான் சொன்னன். கொஞ்சம் கத்திப் போட்டன். பரவாயில்லை, சொல்லிட்டன்.

கோபம் கோபமாத்தான் இருக்குது. ஆனா மனுசனுக்குக் கைவிரல் எல்லாம் ஊறி வெளிறிப் போய்க் கிடந்தது. அதையும் எழுதி வைக்கிறன்.

மார்ச் 17, ஞாயிறு

வானம் மப்பு. ரவியோட சண்டை. எங்களுக்கு இது முதல் பெரிய சண்டை.

ரவி: "ஒரு நாள் போய் நிண்டால் என்ன? நடந்ததைத்தானே திரும்ப எடுக்கிறம். இல்லாததையே?"

நான்: "என்ர கலியாணம் சூட்டிங் இல்லை."

ரவி: "பிடிவாதம் பிடிக்கிறது நீர். பிளேனில ஏத்தி அனுப்பிறது என்னை."

அவர் சொன்னது உண்மைதானே. அவரின்ர அம்மா இடம்பெயர்ந்து வன்னிப் பக்கம் எங்கேயோ. கடிதம் வந்து கனகாலம். திரும்பிப் போனா கொழும்பிலயே இவரைப் பிடிப்பாங்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிஞ்சுகொண்டுதான் மாட்டன் எண்டு நிக்கிறன். நான் என்ன மாதிரிப் பெண்சாதி எண்டு ஒருக்கா யோசிச்சன்.

பிறகு சொன்னன். அந்த ஒஃபிசர் எப்ப எடுத்த படம் எண்டு கேட்டா?

"கலியாணத்தண்டு எண்டு சொல்லுவம்."

"அந்த ஒரு பொய்யில பிடிபட்டா மிச்சம் எல்லாம் பொய். பிடிபடாட்டியும், அவை சொல்லுறது சரியாப் போயிடும்."

"எவை?"

பிக்கரிங்கில கேட்டதை அப்பதான் அவருக்குச் சொன்னன். முழுக்கச் சொன்னன். அண்ணை சொன்னதையும்.

ரவி எழும்பிப் போய்ச் சோத்துப் பானையைத் தேய்ச்சார். கனநேரம் தேய்ச்சார். பானை ஏற்கனவே துப்பரவு.

"அண்ணையோ?"

"ஓம்."

"சரி. நடிக்கத் தேவையில்லை. இருக்கிறதைக் கொண்டு போவம்."

"பயமில்லையோ?"

"பயம்தான். நீரும் வருவீர்தானே."

மார்ச் 20, புதன்

திரும்பப் பனி. பஸ் பிந்தி, வேலைக்குப் பிந்தி.

லோயருக்கு போன். கதை முழுக்கக் கேட்டார். "உங்களிட்ட என்ன படம் இருக்குதோ அதைக் கொண்டு வாங்கோ. எடுக்கப் போற படத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்." கெட்டிக்காரன்.

அண்ணை போன் எடுத்தார். குலம் அண்ணை அவரிட்டப் போய் அழுதவராம்.

"எங்கட சனத்தின்ர ஆள், சுமதி. ரெண்டு பிள்ளையள். நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்தாதை."

"அவரே சொல்லட்டும் எண்டுதான் சொன்னனான். நான் ஊர் முழுக்கச் சொல்லேல்லையே."

"உனக்கு எப்பவும் வாய்."

"ஓம். எனக்கு வாய் இருக்குது. காதும் இருக்குது, அண்ணை. பிறந்தநாளண்டு வாசலில கதைச்சதும் கேட்டது."

பிள்ளை கூப்பிடுது எண்டு வைச்சிட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தில.

மார்ச் 24, ஞாயிறு

குலம் அண்ணை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிட்டாராம். மாலினிதான் சொன்னா. ஒருத்தர் நல்லா ஏசிப் போட்டாராம், ரெண்டு பேர் பாவம் எண்டவையாம், ஒரு பொம்பிளை தாங்கள் பிரிஞ்சிட்டம், படம் இனி வேண்டாம் எண்டாவாம்.

மாலினி படத்தைத் திரும்ப எடுக்கப் போறா. கேக்கிற குரலில என்னட்டப் பயம்.

"அம்மா ஊரில, அக்கா. மணவறையில உன்னை ஒருக்காப் பாக்க வேணும் எண்டு கடிதத்துக்குக் கடிதம் எழுதுறா. நான் செய்யிறது பிழையோ?"

"ஏன் பிழை? அம்மாவுக்குத்தானே. போம்."

"கொசுவத்தை மேல உயர்த்திக் கட்டினா வயிறு தெரியாதுதானே?"

மாலையைப் பெரிசாக் கேளும், கையை முன்னுக்குக் கோத்து வையும் எண்டு சொல்லிக் குடுத்தன். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சம். அவவுக்கு அது சரி. எனக்கு வேண்டாம். ரெண்டும் சரியா இருக்கலாம்.

ஏப்ரல் 6, சனி

வெளிச்சம் கூடிப் போச்சு. குளிர் போகேல்லை.

படம் சேக்கிறம். கலியாணத்துக்கு வந்த ஆக்களில கமெரா வைச்சிருந்த எல்லாருக்கும் போன். இது வரை வந்தது:

ரெஸி: ஒரு முழு றோல். அரைவாசியில ஆக்களுக்குத் தலை இல்லை.

மேல் மாடி அங்கிள்: மூண்டு. மூண்டும் வடை, பாயாசம். ஒண்டில என்ர கை.

ரவியோட ரெஸ்ரோறன்ற் குசினியில வேலை செய்யிற பெடியன்: ரவி காருக்குள்ள இருந்து சீப்பால தலை இழுக்கிறார். வேட்டிக்கு மேல மழைக் கோற்.

தாலி கட்டேக்க ஒரேயொரு படம், ரெஸியின்ரதில. குனிஞ்ச என்ர தலை, ரவியின்ர முழங்கை, முன்னுக்கு ஆற்றையோ பெரிய கொண்டை. கொண்டைதான் வடிவா விழுந்திருக்குது.

முகம் தெரியிற எல்லாத்திலயும் நான் வாயைத் திறந்து சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். பல்லு முழுக்க. குலம் அண்ணை எண்டா, தலையைக் குனியுங்கோ தங்கச்சி எண்டிருப்பார். இதுகளில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை.

அக்கா வந்து பாத்தா. "உதுகளைக் கொண்டு போய்க் காட்டப் போறியோ? வெக்கமா இல்லையோ?"

"இல்லை."

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்புக் கொண்டாட்டம். கோயிலில சரியான சனம். சப்பாத்து வைக்க இடமில்லை. ரவிக்குப் புதுச் சேட், எனக்கு பச்சைச் சாறி.

அண்ணி வந்து என்னைத் தூணடிக்குக் கூப்பிட்டா. அண்ணையின்ர மனுசி. எனக்கும் அவவுக்கும் பெரிசாக் கதை வழக்கம் இல்லை. கைப்பைக்குள்ள இருந்து ஒரு என்வலப்.

"எங்கட கமெராவில உங்கட கலியாணத்தில எடுத்த பிலிம் மிச்சம் கிடந்தது. கழுவக் குடுத்தனான்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியாமல் குடுப்பம் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு, ஏன் ஒளிக்க வேணும் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். உம் எண்டு கொண்டு இருக்கிறார். இருக்கட்டும்."

நாலைஞ்சு படம். ஒண்டை நான் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிச்சன்.

கலியாணத்தண்டு மாலை மாத்தேக்க என்ர சாறித் தோளில குத்தின ஊசி கழண்டு விழுந்தது. மேடைக்குப் பின்னால ஓடினன். அக்கா சாப்பாட்டுப் பக்கம். ரவிதான் வந்தார். இஞ்ச வந்த புதுசில தையல் ஃபாக்டரியில வேலை செய்த கை. படத்தில, மாலையும் கழுத்துமா நிண்டு, வாயில ரெண்டு ஊசியைக் கடிச்சுக்கொண்டு, என்ர தோளில சாறியை மடிச்சுக் குத்துறார். நான் ஒரு கையில மோதகம், மற்றக் கையால அவரின்ர மாலையை ஒதுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ரெண்டு பேரும் கமெராவைக் காணேல்லை.

அண்ணி சொன்னா, "எடுக்கேக்க எனக்கே கூச்சமாப் போச்சு. எங்களை உப்பிடி ஒருத்தரும் எடுக்கேல்லை."

மே 5, ஞாயிறு

மரமெல்லாம் தளிர். இன்ரவியூ கிட்ட வர ரவி சாப்பிடுறேல்லை. நான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடுறன்.

ரவி கேட்டார், குலம் அண்ணையிட்ட இப்ப போனாலும் ஏலுமோ எண்டு. பகிடியோ உண்மையோ தெரியேல்லை. நான் அயர்ன் பெட்டியால உடுப்பு மினுக்கிக்கொண்டு நிண்டன். நிமிராமல், "ஏலும். நீர் போம். வேற பொம்பிளையைப் பாரும் பக்கத்தில நிக்க" எண்டன். சிரிச்சார். அப்ப பகிடிதான்.

மே 7, செவ்வாய்

மழை. இன்ரவியூ.

பொம்பிளை ஒஃபிசர். கண்ணாடி. நல்ல பிள்ளை எண்டும் இல்லை, கெட்டவள் எண்டும் இல்லை. லோயர் ஒரு பக்கத்தில. முதல் என்னை மட்டும் கூப்பிட்டினம், ரவி வெளிய.

வீட்டில ஆர் சமைக்கிறது. கட்டிலில ஆர் எந்தப் பக்கம். நானும் ரவியும் முதல் பஸ் ஸ்ரொப்பில சந்திச்ச கதை. எல்லாம் சொன்னன். பிறகு படம்.

"ஏன் ஒழுங்கான அல்பம் இல்லை? உங்கட ஆக்கள் எல்லாரும் பெரிய அல்பம் கொண்டு வருவினம்."

"படக்காரரின்ர பேஸ்மென்ற்றுக்குள்ள தண்ணி வந்திட்டுது."

"அப்பிடியோ." பேனையை வைச்சா. நம்பேல்லை எண்டது முகத்தில.

எனக்கு எங்கயிருந்து வந்ததோ தெரியாது. சொன்னன், "வடிவான அல்பம் வேணுமெண்டா என்னால கொண்டு வந்திருக்க ஏலும், மடம். திரும்ப மணவறை போட்டு எடுத்துத் தாறன் எண்டு அவர் சொன்னவர். நான்தான் மாட்டன் எண்டனான். கலியாணத்தண்டு எடுத்தது இவ்வளவுதான்."

லோயர் மேசையைப் பாத்துக்கொண்டிருந்தார்.

அவ ஒவ்வொண்டாப் புரட்டினா. அண்ணியின்ர படத்தில நிண்டா.

"இவரின்ர வாயில என்ன?"

"ஊசி."

ஏன் எண்டு கேட்டா. சொன்னன். கையில என்ன எண்டா. மோதகம் எண்டன், காலமை முழுக்கப் பசி, ஆரும் காணாமல் எடுத்தது எண்டன். அதையும் எழுதினா.

பிறகு நான் வெளிய, ரவி உள்ள. கதிரை நல்ல குளிர். எதிர்ச் சுவரில ஒரு ஏரிப் படம். அதைப் பாத்துக்கொண்டே இருந்தன். எங்கட கதை பிழையாப் போச்சுதெண்டா நான்தான் பிழையாக்கினது எண்டு யோசிச்சன். ஆனாலும் திரும்பக் கேட்டா அதையேதான் சொல்லுவன்.

வெளிய வந்தாப் பிறகு மழைக்குள்ள நிண்டு கேட்டன், என்ன கேட்டவ.

"அந்தப் படத்தைக் காட்டி வாயில என்ன எண்டா. ஊசி எண்டன். சாறி கழண்டது, நான்தான் குத்தினன் எண்டன். உம்மட கையில என்ன எண்டும் கேட்டவ."

"என்ன சொன்னனீர்?"

"களவெடுத்த மோதகம் எண்டன். அப்பதான் அந்த மனுசி ஒருக்காச் சிரிச்சது."

கோப்பி வாங்கிக் குடிச்சம்.

ஜூன் 15, சனி

வெக்கை. யன்னல் எல்லாம் திறந்து.

கடிதம் வந்தது. ஓம் எண்டுதான்.

ரவி ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு என்னட்டத் தந்து, நீரும் வாசியும், எனக்கு இங்கிலீஸ் சில வேளை பிழைக்கும் எண்டார். வாசிச்சன். பிழைக்கேல்லை. பிறகு நிலத்தில இருந்திட்டார், சப்பாத்தோட. நானும் பக்கத்தில இருந்தன்.

அண்ணிக்கு போன். ரெஸிக்கு போன். ரெஸி கத்தினது மேல் மாடிக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

இண்டைக்கும் வெக்கை. மரக்கறி: கத்தரிக்காய், பயித்தங்காய்.

அக்கா போன் எடுத்தா. இனியெண்டாலும் ஒரு ஹோல் எடுத்து ரிசெப்சன் வைச்சு, ஒழுங்கான படக்காரரைப் பிடிப்பமாம். அண்ணையும் உதவி செய்வாராம். வேண்டாம் எண்டன். ஏன் எண்டா. எங்களிட்டப் படம் இருக்குதக்கா எண்டன். உதுகளோ எண்டா. ஓம் உதுகள்தான் எண்டன்.

கொஞ்ச நேரத்தால அண்ணை. மார்ச்சுக்குப் பிறகு அவரா எடுத்தது இதுதான். சந்தோசம் எண்டார். ரவி நல்ல பெடியன் எண்டு தனக்கு அப்பவே தெரியும் எண்டார். பிறகு குரலைத் தணிச்சு,

"இனிக் கவனமா இரு, சுமதி. பேப்பர் அவன்ர கையில வந்திட்டுது. விட்டிட்டுப் போனானெண்டா என்ன செய்வாய்?"

உண்மையா அக்கறையில கேட்டவர். அதுதான் இன்னும் சுட்டது.

"போனாப் போகட்டும், அண்ணை. அதுக்காக நடந்தது நடக்காமல் போகாது. ஆரும் என்னை விட்டிட்டுப் போகாமல் இருக்க வேணும் எண்டு நான் கலியாணம் கட்டேல்லை."

அவருக்கு விளங்கிச்சுதோ தெரியாது. சரி சரி எண்டு வைச்சார்.

ரவி குளிச்சிட்டுத் தலை துடைச்சுக்கொண்டு வந்தார். ஆர் போனில எண்டார்.

"அண்ணை."

"என்னவாம்?"

"நாங்கள் எப்பிடி எண்டு கேட்டவர்."

"என்ன சொன்னனீர்?"

"இருக்கிறம் எண்டு சொன்னன்."